பூனையின் நுரையீரலுக்குப் புழு வரும் வழிகள்

வாரக்கணக்கில் இருமும் பூனைக்கு ஆஸ்துமா என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அதே இருமலுக்கு நுரையீரலில் குடியேறிய புழுவும் காரணமாக இருக்கலாம் என்பது கால்நடை மருத்துவத்துக்கு நூறாண்டுக்கு மேலாகத் தெரியும். ஆனால் அந்தப் புழு அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்குக் காலந்தோறும் வேறுவேறு விடைகள் சொல்லப்பட்டன. 1920-களில் எலி என்றார்கள். 1930-களில் நத்தை என்றார்கள். பிறகு தவளையும் பறவையும் ஊர்வனவும் சேர்ந்துகொண்டன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் பட்டியல் தேங்கிய தண்ணீர், தாய்ப்பால் வரை நீண்டிருக்கிறது.

இந்த விடைகள் எந்தச் சான்றின் மேல் நிற்கின்றன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. பூனையை வேட்டையாட விடாதே, நத்தையை அண்ட விடாதே, குட்டிகளையும் சோதித்துப் பார் என்று மருத்துவர்கள் சொல்லும் அறிவுரைகள் ஒவ்வொன்றும் இந்த விடைகளில் ஏதோ ஒன்றை நம்பியே சொல்லப்படுகின்றன. எனவே அந்த விடைகளின் வலுவை எடைபோடுவது நடைமுறைக்கும் தேவைப்படுகிறது.

எந்தப் புழு, எந்த இடம்

பூனையின் நுரையீரல் புழு என்று பொதுவாகச் சொன்னால், பெரும்பாலும் ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸ் ஆப்ஸ்ட்ரூசஸ் என்ற உருண்டைப் புழுவையே குறிக்கும். பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் ரையே 1898இல் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். வளர்ந்த புழு நூலிழை போல மெலிந்தது. பெண்புழுவே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளந்தான். மூச்சுக்குழல் கிளைத்துக் கிளைத்து முடியும் கடைசி நுனிகளிலும் காற்றறைகளுக்குப் போகும் பாதைகளிலும் அது வாழ்கிறது. அங்கேயே முட்டையிடுகிறது, முட்டைகள் அங்கேயே பொரிகின்றன. வெளிவரும் இளம்புழுக்கள் சளியோடு தொண்டைவரை ஏறி, விழுங்கப்பட்டு, குடல் வழியாக மலத்தில் வந்து விழுகின்றன.

இதுவரை யாருக்கும் ஐயமில்லை. மலத்தில் விழும் இளம்புழு முதல் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது இன்னொரு பூனையைத் தொற்றாது. மூன்றாம் நிலைக்கு வளர்ந்த பிறகே தொற்றும். அந்த இடைக்காலத்தில் அது எந்த உயிருக்குள் வளர்கிறது, அங்கிருந்து பூனையின் வாய்க்கு எப்படி வருகிறது என்ற இரண்டு இடங்களில்தான் ஆய்வாளர்கள் பிரிந்தார்கள்.

இதனுடன் குறைந்தது மூன்று புழுக்களையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். ட்ரோக்லோஸ்ட்ராஞ்சிலஸ் ப்ரெவியர் அதற்கு நெருங்கிய உறவு. பெரிய மூச்சுக்குழல்களில் வாழ்வது. யூகோலியஸ் ஏரோஃபிலஸ் மூச்சுக்குழலின் உட்சுவரில் தங்கும் மயிரிழைப் புழு. பாரகோனிமஸ் தட்டைப்புழு வகை. நான்கும் நுரையீரலையோ மூச்சுப்பாதையையோ தாக்குகின்றன. நான்கும் இருமலைத் தரக்கூடும். ஆனால் அவை வரும் வழி ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பேசியதே பழைய குழப்பங்களில் பலவற்றுக்கு வேராக இருந்திருக்கிறது.

முதல் விடை: எலி

பூனை எலி தின்னும். ஆகவே எலிக்குள்தான் புழு வளர வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. பிரிட்டிஷ் ஒட்டுண்ணியியலாளர் டி. டபிள்யூ. எம். கேமரன் 1927இல் வெளியிட்ட ஆய்வில் இந்த எண்ணத்துக்கு அறிவியல் வடிவம் கொடுத்தார். புழுவுக்கு இன்று வழங்கும் பேரினப் பெயரும் அவர் வைத்ததே. மலத்தில் வரும் இளம்புழு எலிக்குள் போய் வளர்கிறது, அந்த எலியைத் தின்ற பூனைக்கு நோய் வருகிறது என்பது அவர் வரைந்த சுற்று.

இந்த விடையின் கவர்ச்சி அதன் எளிமையில் இருந்தது. அதன் பலவீனமும் அங்கேதான். எலியின் உடலில் இளம்புழு இருப்பது ஒரு செய்தி. அந்த இளம்புழு எலிக்குள்தான் அடுத்த நிலைக்கு வளர்ந்தது என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய இன்னொரு செய்தி. கேமரனின் சுற்றில் இந்த இரண்டாவது பகுதி பின்வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஆயினும் எலி முற்றிலும் ஒதுக்கப்படவும் இல்லை. வேறு பொறுப்போடு திரும்பி வந்தது.

இரண்டாம் விடை: நத்தை

1935இல் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய ஹோப்மையர் இணையர் விவாதத்தைத் திருப்பினார்கள். பன்றியின் நுரையீரல் புழு மண்புழுவுக்குள் வளர்வதை அவர்கள் முன்னரே காட்டியிருந்தார்கள். ஆகவே, பூனைப் புழுவுக்கும் முதுகெலும்பில்லாத ஓர் உயிர் இடையில் தேவைப்படலாம் என்று தேடுவது அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. நிலத்து நத்தைகளும் ஓடில்லா நத்தைகளுமே இடைநிலை ஓம்புயிரிகள் என்று அவர்கள் காட்டினார்கள். மலத்தின் மேல் ஊரும் நத்தையின் உடலுக்குள் இளம்புழு நுழைந்து, அதன் தசையில் தங்கி, இருமுறை தோலுரித்து மூன்றாம் நிலையை அடைகிறது.

1949இல் கெரிக்டர், பாலஸ்தீனத்தில் பூனைக் குடும்பத்து விலங்குகளின் நுரையீரல் புழுக்களைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். ட்ரோக்லோஸ்ட்ராஞ்சிலஸ் ப்ரெவியரை விவரித்துப் பெயரிட்டவரும் அவரே. அந்தப் புழுவுக்கும் நத்தையே இடைநிலை ஓம்புயிரி என்பது அவர் வழியாக நிலைபெற்றது. நத்தையின் பங்கை அதன்பின் யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை.

பிற்காலச் சோதனைகள் இதற்கு நுணுக்கம் சேர்த்தன. நத்தைக்குள் இளம்புழுவின் வளர்ச்சி வெப்பத்தைப் பொறுத்தது. குளிரில் தேங்கி, வெதுவெதுப்பில் விரைகிறது. எந்த நத்தை என்பதில் புழு அதிகம் பாகுபாடு காட்டுவதில்லை. பிரேசிலில் இயற்கையாகத் திரிந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையிலும் ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸ் இளம்புழுக்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இந்த நத்தையை 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பென்சன். இன்று அது கேரளத்திலும் தமிழகத்திலும் தோட்டங்களை அரிக்கும் பெருந்தொல்லை. நத்தை இருப்பதாலேயே புழுவும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் புழுவுக்கு வேண்டிய இடைநிலை ஓம்புயிரி இங்கே இல்லாமலில்லை என்று மட்டும் சொல்லலாம்.

நத்தை விடையில் ஓர் இடைவெளி உண்டு. பூனை நத்தையை விரும்பித் தின்னும் விலங்கல்ல. அப்படியிருந்தும் புழு பல கண்டங்களில் பரவியிருக்கிறது. நத்தையிலிருந்து பூனைக்கு வரும் கடைசி அடியை விளக்க இன்னொரு விடை தேவைப்பட்டது.

சுமக்கும் உயிர்கள்

அந்த விடையையும் ஹோப்மையர் இணையரே தொடங்கிவைத்தார்கள். நத்தையைத் தின்ற எலி, தவளை, பறவை, ஊர்வன ஆகியவற்றின் உடலில் மூன்றாம் நிலை இளம்புழு மேலும் வளராமல், சாகாமல் காத்திருக்கிறது. அந்த உயிரைப் பூனை பிடித்துத் தின்னும்போது தொற்று தொடர்கிறது. இப்படிப்பட்டவற்றைச் சுமக்கும் ஓம்புயிரிகள் எனலாம். கேமரன் எலியில் கண்டது இதுவாக இருந்திருக்கலாம்: வளர்ப்பிடம் நத்தை, வாகனம் எலி. 1960-களில் கிளாஸ்கோவில் இந்தப் புழுவைப் பல கோணங்களில் ஆராய்ந்த ஜே. எம். ஹாமில்டனும் எலியின் பங்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர்.

இந்தக் கொள்கைக்கு உறவுக்காரப் புழு ஒன்றிலிருந்தும் ஆதரவு கிடைக்கிறது. எலியின் நுரையீரல் தமனியில் வாழும் ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ் காண்டோனென்சிஸ் என்ற புழுவைச் சீனாவின் கான்டன் நகரில் சென் விவரித்ததும் அதே 1935இல்தான். அதற்கும் நத்தையே இடைநிலை ஓம்புயிரி. கேரளத்தில் உடும்பு இறைச்சியைப் பச்சையாக உண்டவர்களுக்கு இந்தப் புழுவால் மூளையுறை அழற்சி வந்ததாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. உடும்பு நத்தையைத் தின்கிறது, மனிதர் உடும்பைத் தின்கிறார், இளம்புழு இரண்டு படி ஏறிவிடுகிறது. ஊர்வன வாகனமாக முடியும் என்பதற்கு இது துயரமான சான்று.

இன்றைய பாடநூல்கள் பூனைக்கு முதன்மை வழி இதுவே என்கின்றன. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் அடித்தளத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆய்வகத்தில் எலிக்கு இளம்புழுவைக் கொடுத்து, அந்த எலியைப் பூனைக்குக் கொடுத்துச் செய்யும் சோதனை, இந்த வழி சாத்தியம் என்று காட்டுகிறது. எவ்வளவு பங்கு என்று காட்டாது. வயலிலும் தோட்டத்திலும் பிடித்த எலிகளிலும் பறவைகளிலும் பல்லிகளிலும் எத்தனையில் இந்த இளம்புழு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த கள ஆய்வுகள் மிகக் குறைவு. "முதன்மை வழி" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பூனையின் உணவுப் பழக்கத்திலிருந்து பெறப்பட்ட ஊகமே.

ஈரத்தின் வழி

2015இல் இத்தாலிய ஆய்வாளர்கள் முன்னணியில் நின்ற குழுக்கள் வேறொரு வாயிலைத் திறந்தன. நத்தை நீரில் மூழ்கி இறந்தால் அதன் உடலிலிருந்து மூன்றாம் நிலை இளம்புழுக்கள் வெளியேறுகின்றன என்று காட்டினார்கள். அப்படி வெளியேறியவை இன்னொரு நத்தைக்குள் நுழைந்து, பூனையைத் தொற்றும் திறனை இழக்காமல் இருக்கின்றன என்றும் கண்டார்கள். நத்தையிலிருந்து நத்தைக்கு நேராகத் தொற்று பரவலாம் என்பது அதுவரை கணக்கில் இல்லாத செய்தி.

இதன்படி பார்த்தால், பூனை எதையும் வேட்டையாட வேண்டியதில்லை. நத்தை விழுந்து கிடந்த தண்ணீர்க் கிண்ணத்தில் குடித்தாலோ, ஈரப்புல்லில் படிந்ததை நக்கினாலோ போதும் என்று ஆகிறது. ஆயினும் இது ஆய்வக நிலைமையில் பெற்ற முடிவு. இளம்புழு வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும், பூனை ஒரு மிடற்றில் நோய் உண்டாகும் அளவுக்கு விழுங்குமா என்பவை களத்தில் அளக்கப்பட வேண்டியவை. இவ்வழியை மறுப்பதற்கும் முதன்மைப்படுத்துவதற்கும் இப்போதைக்குச் சான்று போதாது.

தாயிடமிருந்து குட்டிக்கு

ட்ரோக்லோஸ்ட்ராஞ்சிலஸ் ப்ரெவியர் நெடுங்காலம் காட்டுப்பூனையின் புழுவாகவே கருதப்பட்டது. 2010இல் ஸ்பெயினின் இபிசா தீவிலும், 2012இல் சிசிலியிலும் வீட்டுப்பூனைகளில் அது பதிவானபோது, அது ஏட்டில் மட்டும் இருந்த பெயர் என்ற நிலை மாறியது. சிசிலியில் நோயுற்றவை சிறு குட்டிகள். வேட்டையாடும் வயதை எட்டாத குட்டிக்கு இந்த அளவு முற்றிய தொற்று எங்கிருந்து வந்தது? 2013இல் பிரியான்டியும் உடனாய்வாளர்களும் தாய்ப்பூனையிடமிருந்து குட்டிக்கு, பெரும்பாலும் பால் வழியாக, இந்தப் புழு நேராகக் கடக்கிறது என்பதற்குச் சான்று தந்தார்கள்.

இங்கே இரண்டு நிலைப்பாடுகள் உருவாயின. காட்டுப்பூனையிடமிருந்து புழு வீட்டுப்பூனைக்குப் புதிதாகக் கசிகிறது என்பது ஒன்று. அது எப்போதும் வீட்டுப்பூனையில் இருந்தது, மலத்தில் கண்ட இளம்புழுவை ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸ் என்று எழுதிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டு புழுக்களின் இளம்புழுக்களும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளத்திலும் வால்நுனி வடிவத்திலும் உள்ள சிறு வேறுபாட்டைத் தேடிப் பார்க்காவிட்டால் தவறுவது எளிது. இரண்டு நிலைப்பாடுகளும் ஓரளவு உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. காட்டுப்பூனை வாழும் பகுதிகளில் கசிவும், பழைய பதிவுகளில் பெயர் மாற்றமும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

முக்கியமாக, தாய்வழிக்கான சான்று ட்ரோக்லோஸ்ட்ராஞ்சிலஸுக்கு உரியது. ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸ் தாயிடமிருந்து வருகிறது என்று சொல்ல அதற்கு இணையான சான்று இல்லை. ஒரு புழுவின் விடையை இன்னொன்றின் மேல் ஏற்றக் கூடாது.

வேறு வழி கொண்ட இரண்டு

யூகோலியஸ் ஏரோஃபிலஸுக்கு நத்தை தேவையில்லை. அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைகிறது. பூனை அதை நேரடியாக விழுங்கலாம், அல்லது மண்புழு வழியாகப் பெறலாம். மனிதரையும் இது அரிதாகத் தொற்றும். 2008இல் செர்பியாவிலிருந்து வெளியான ஒரு மருத்துவப் பதிவில், மூச்சுக்குழல் புற்றுநோய் என்று ஐயுறப்பட்டது கடைசியில் இந்தப் புழு என்று தெரிந்தது.

பாரகோனிமஸின் கதை வேறு. இந்தியப் புலி ஒன்று ஆம்ஸ்டர்டாம் உயிரியல் பூங்காவில் இறந்தபின் அதன் நுரையீரலில் கிடைத்த தட்டைப்புழுவை 1878இல் கெர்பர்ட் விவரித்து, பூங்கா இயக்குநர் வெஸ்டர்மனின் பெயரைச் சூட்டினார். அது நீர்நத்தையில் தொடங்கி நண்டில் தங்குகிறது என்பது 1910-களில் தைவானில் நாககாவா செய்த ஆய்வுகளால் தெளிந்தது. வட அமெரிக்கப் பூனைகளுக்கு இதன் உறவான பாரகோனிமஸ் கெல்லிகாட்டி, கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர் இறால் வகை ஒன்றின் மூலம் வருகிறது. மணிப்பூரில் சரியாக வேகாத நண்டு உண்ணும் மக்களிடையே இக்குடும்பப் புழு மனித நோயாகவே அறியப்பட்டது. நுரையீரல் புழு என்றதும் நத்தையை மட்டும் நினைப்பது இந்த இரண்டையும் தவறவிடும்.

சோதனை காட்டுவதும் மறைப்பதும்

வழியைப் பற்றிய அறிவு கடைசியில் கண்டறியும் முறையின் தரத்தைத் தாண்டிப் போக முடியாது. முட்டையைத் தேடும் வழக்கமான மிதவைச் சோதனை, முட்டையாக வராமல் இளம்புழுவாக வரும் ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸை எளிதில் தவறவிடும். அதற்கு உரியது பேர்மன் முறை. 1917இல் ஜாவாவில் மண்ணிலுள்ள கொக்கிப்புழு இளம்புழுக்களைப் பிடிக்க பேர்மன் வகுத்தது. புனல் ஒன்றின் காம்பில் ரப்பர்க் குழாய் மாட்டி அடியைக் கிளிப் போட்டு மூடுகிறார்கள். வெதுவெதுப்பான நீரை நிரப்பி, மெல்லிய துணியில் கட்டிய மலத்தை அதில் படும்படி தொங்க விடுகிறார்கள். இளம்புழு நெளிந்து நீருக்குள் வரும். எதிர்நீச்சல் போட வலுவில்லாமல் அடியில் இறங்கும். ஓர் இரவு கழித்துக் கிளிப்பைத் தளர்த்திச் சொட்டும் முதல் துளிகளை நுண்ணோக்கியில் வைத்தால், வால்நுனி எஸ் வடிவில் வளைந்து சிறு முள்ளோடு நிற்கும் இளம்புழு தெரியும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. தொற்று ஏற்பட்டு ஐந்தாறு வாரம்வரை மலத்தில் எதுவும் வராது. அதற்குள்ளேயே நுரையீரல் பாதிக்கப்படக்கூடும். வரத் தொடங்கிய பிறகும் நாளுக்கு நாள் எண்ணிக்கை மாறும்; ஆகவே அடுத்தடுத்த மூன்று நாள் மலத்தைச் சோதிக்கப் பரிந்துரைக்கிறார்கள். தரையில் கிடந்த பழைய மலத்தை எடுத்தால் மண்ணில் தன்னிச்சையாக வாழும் புழுக்கள் ஏறிக் குழப்பும். மரபணுச் சோதனையும் எதிர்ப்பொருள் சோதனையும் இக்குறைகளைக் குறைக்கின்றன. எல்லா ஊரிலும் அவை கிடைப்பதில்லை.

12 ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 2,000 பூனைகளைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒரு பூனைக்கு ஏதேனும் ஒரு நுரையீரல் புழு இருந்தது, பெரும்பகுதி ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸ். இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் வெளியே திரியும் பூனைக்கு ஆபத்து கூடுதல் என்று வருகிறது. ஆனால் "வெளியே திரிவது" என்ற ஒரே சொல்லுக்குள் எலியைத் தின்பதும், நத்தையைக் கடிப்பதும், தேங்கிய நீரைக் குடிப்பதும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. நூறாண்டு வாதத்தின் எல்லாத் தரப்பும் அந்த ஒரு விடையைத் தனக்குச் சாதகமாகக் காட்ட முடியும்.

இருமலுக்கு மருந்து, தடுப்புக்கு என்ன?

நோயின் அளவிலும் கருத்து ஒன்றல்ல. பல பூனைகள் அறிகுறி இன்றிப் புழுவைச் சுமந்து, தாமாகவே விடுபடுகின்றன. வேறு சில, குறிப்பாகக் குட்டிகள், மூச்சுத் திணறி இறக்கவும் நேர்கிறது. இதயப்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரலில் மடியும்போது வரும் அழற்சியும், உண்மையான ஆஸ்துமாவும் வெளித்தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் இருமல் தணியக்கூடும். புழு அங்கேயே இருக்கும். ஃபென்பெண்டசோல், மாக்சிடெக்டின், எமோடெப்சைடு, எப்ரினோமெக்டின் போன்றவை ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸுக்கு எதிராகப் பயன்படுகின்றன. தட்டைப்புழுவுக்கு மருந்து வேறு. எந்தப் புழு என்று தெரிந்தபின் மருந்து தேர்வது மருத்துவரின் வேலை.

தடுப்பில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. வேட்டையைத் தடுத்தால் சுமக்கும் உயிர்களின் வழி அடைபடும், நீர்வழி அடைபடாது. பூனையை வீட்டுக்குள் வைத்தால் அநேகமாக எல்லா வழியும் அடைபடும், தாய்வழி தவிர. எந்த வழி எவ்வளவு பங்கு என்று தெரியாத வரை, ஒரே ஒரு வழியை மட்டும் அடைக்கச் சொல்லும் அறிவுரைக்கு உறுதி குறைவு.

மதிப்பீடு

இதுவரை சேர்ந்த சான்றுகளை வைத்துச் சில முடிவுகளை உறுதியாகச் சொல்லலாம். ஈலூரோஸ்ட்ராஞ்சிலஸுக்கும் ட்ரோக்லோஸ்ட்ராஞ்சிலஸுக்கும் நத்தை இடைநிலை ஓம்புயிரி. எலியும் பறவையும் ஊர்வனவும் இளம்புழுவைச் சுமக்க வல்லவை. ட்ரோக்லோஸ்ட்ராஞ்சிலஸ் தாயிடமிருந்தும் குட்டிக்குப் போகிறது. பின்னால் வந்த விடை முன்னதைப் பெரும்பாலும் அழிக்கவில்லை. அதன் இடத்தைத் திருத்தியமைத்தது. எலி விடைக்கு நேர்ந்ததும் அதுவே.

தீராமல் நிற்பது பங்கீடு. களத்தில் பிடித்த இரையுயிர்களில் இளம்புழுவை எண்ணும் ஆய்வும், பூனை எதைத் தின்றது, எதைக் குடித்தது என்று தனித்தனியே கேட்கும் ஆய்வும், இனத்தை மரபணுவால் பிரித்தறியும் ஆய்வும் ஒன்றாக நடந்தால்தான் அது தீரும். நத்தையும் மழையும் தெருப்பூனையும் சேர்ந்திருக்கும் தென்னிந்தியா, இலங்கை போன்ற பகுதிகளுக்கு இத்தகைய ஆய்வு ஐரோப்பாவைவிடக் கூடுதலாகத் தேவை.

அதுவரை நடைமுறைக்கு ஒன்று போதும்: வெளியே திரியும் பூனையின் இருமல் நீடித்தால், நீண்டகால ஸ்டீராய்டு தொடங்கும் முன் மூன்று நாள் புதிய மலத்தை எடுத்துச் சென்று, பேர்மன் சோதனை செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.